மின்சாரம் வந்த பாதை – 17: கம்பத்தின் மேலா, மண்ணுக்குள்ளா?

பாபநாசம் நீர்மின் நிலையம் உருவான கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1938இல் தொடங்கிய வேலை உலகப்போரின் தட்டுப்பாடுகளுக்கு நடுவே இழுபட்டு, 1944இல்தான் மின்சாரமாகக் கைக்கு வந்தது. பைக்காரா, மேட்டூர் இரண்டுக்கும் அடுத்து சென்னை மாகாண அரசு எழுப்பிய மூன்றாவது நீர்மின் நிலையம் அது. பொருநைத் தண்ணீரில் பிறந்த அந்த மின்சாரம் நெல்லைச் சீமையின் ஊர்களுக்குக் கம்பத்தின் மேலேதான் வந்தது, உறை எதுவும் இல்லாத வெறுங்கம்பி வழியாக. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அதே வழிதான்.

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கும். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவது அந்தக் காற்று. சுரண்டை, ஊத்துமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுவே. தென்னை மட்டையைப் பறித்து மின்கம்பி மேல் போடுவதும், தொய்ந்துபோன கம்பிகளை ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொறி பறக்க வைப்பதும் அதுவேதான். 'நாளைய மின்தடை' என்ற தலைப்பில் நாளிதழில் மேலகரம், இலஞ்சி, காசிமேஜர்புரம், ஆயிரப்பேரி, மத்தளம்பாறை என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருமே, அந்தப் பராமரிப்பு வேலையில் பெரும்பகுதி மரக்கிளை வெட்டுவதுதான். கம்பியை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியுமே என்று இங்கே கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்வி. விடை தேடினால் 140 ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

உலகின் முதல் பொது மின் வழங்கல்களில் பெயர் பெற்ற ஒன்று மண்ணுக்குள்தான் தொடங்கியது. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையத்தை இயக்கியபோது, இரும்புக் குழாய்களுக்குள் செப்புத் தண்டுகளை வைத்து, நிலக்கீலை ஊற்றி அடைத்து, தெருவுக்கு அடியில் பதித்திருந்தார். பார்க்க ஒழுங்கு, பாதுகாப்பும்கூட. ஆனால் அது 110 வோல்ட் நேர்மின்சாரம். ஒரு மைல் தூரத்தைத் தாண்டினால் விளக்கு மங்கிவிடும். மற்ற நிறுவனங்கள் தந்தி, தொலைபேசி, வில் விளக்கு என்று ஆளுக்கொரு கம்பியைக் கம்பங்களில் இழுத்துக்கொண்டே போயின. 1888 மார்ச் பனிப்புயல் அந்தக் கம்பிக் காட்டை அறுத்துத் தெருவில் போட்டது. மறு ஆண்டு அக்டோபரில், கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தொழிலாளி பட்டப்பகலில் கூட்டம் பார்த்திருக்கவே மின்சாரம் தாக்கி இறந்தார். அதற்குப் பிறகு நகர நிர்வாகம் முழுவீச்சில் கோடரியோடு இறங்கிக் கம்பங்களைச் சாய்த்தது. மன்ஹாட்டனின் கம்பிகள் மண்ணுக்குள் போனது அப்படி. ஓர் உயிர் எல்லார் கண்ணெதிரே போன பிறகே கம்பி கீழே இறங்கியது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதையிலும் அது வருகிறது.

1891ஆம் ஆண்டு இரண்டு வழிகளும் தனித்தனியே பிரிந்த ஆண்டு. லண்டனில் ஃபெராண்டி என்ற பொறியாளர் டெப்ட்ஃபோர்டு மின்நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு 10,000 வோல்ட் மின்சாரத்தைப் புதைவடம் வழியாக அனுப்பினார். மெழுகில் ஊறிய காகிதத்தைச் செப்புக் குழாய்களுக்கு நடுவே சுற்றி, 20 அடித் துண்டுகளாகச் செய்து, ஆயிரக்கணக்கான இணைப்புகளால் கோத்த வடம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியில் லாஃபன் என்ற ஊரின் ஆற்றோர மின்நிலையத்திலிருந்து ஃபிராங்க்பர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தூரம் மரக்கம்பங்களின் மேல் மின்சாரம் போய்ச் சேர்ந்தது. வீடுகள் நெருங்கிய நகரத்துக்குப் புதைவடம், நெடுந்தூரத்துக்குக் கம்பி என்ற வழக்கு இவ்விரண்டிலிருந்தும் நிலைபெற்றது. 1902இல் மைசூர் சமஸ்தானம் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுமார் 147 கிலோமீட்டர் இழுத்ததும் கம்பிதான்.

நம் பக்கத்தில் மண்ணுக்குள் மின்சாரத்தைச் செலுத்திய முதல் பெருமுயற்சி ஒன்று தோற்றது. சென்னையில் 1895 மே மாதம் ஓடத் தொடங்கிய மின்சார டிராம், இந்தியாவிலேயே முதலாவது. அதன் மின்சாரம் முதலில் தலைக்கு மேலே வரவில்லை. தண்டவாளத்தோடு சேர்ந்த ஒரு பள்ளத்துக்குள் கம்பி கிடக்க, வண்டியிலிருந்து ஒரு கை கீழே நீண்டு அதைத் தொட்டுக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழை வந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. சில மழைக்காலங்கள் சமாளித்துப் பார்த்துவிட்டு, கம்பியைத் தூக்கி மேலே கட்டினார்கள். அந்தப் பள்ளம் இன்றைய புதைவடத்தைப் போல உறையிட்டதல்ல என்பது உண்மைதான். ஆனாலும் மண்ணுக்குள் போகும் மின்சாரத்துக்கு முதல் எதிரி தண்ணீர் என்ற பாடம் அன்றே படித்தாயிற்று. குற்றாலத்துக்கு அதைவிடப் பொருந்தும் பாடம் வேறில்லை.

இனி நம் மலையடிவாரத்துக்கு வருவோம். 1940களில் தென்காசி சென்னை மாகாணம், ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 வரை அதுதான் நிலைமை. மலைக்கு இருபுறமும் நீர்மின்சாரத்தின் பின்னால் ஒரே மனிதர் நின்றார். சென்னை அரசில் இருந்தபோது பைக்காராவுக்கு வழிவிட்ட சர் சி.பி. ராமசுவாமி ஐயர், பிறகு திருவிதாங்கூர் திவானாகி 1940இல் பள்ளிவாசல் மின்நிலையத்தைத் திறந்தார். இரு அரசுகளும் கம்பத்தையே தேர்ந்துகொண்டன. வேறு வழி இருந்திருக்காது. புதைவடம் என்றால் அன்று காகிதம் சுற்றி ஈய உறை போட்ட கேபிள். கடல் தாண்டி வர வேண்டும், போர்க்காலத்தில் ஈயமும் செம்பும் குண்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. பாபநாசத்திலிருந்து தென்காசி 40 கிலோமீட்டர் போல வரும். வழியெல்லாம் ஆழ்வார்குறிச்சி, கடையம் என்று வயலும் தோப்பும். அத்தனை தூரம் தோண்டி ஈயக் கேபிள் பதிக்கும் செலவை எந்த விளக்குக் கட்டணமும் திருப்பித் தந்திருக்காது.

மின்வாரியம் 1957 ஜூலை 1 அன்று பிறந்தது. காமராஜர் ஆட்சிக்காலத்தில் ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் கிணறுகளில் கமலை ஏற்றம் போய் மோட்டார் வந்தது அந்தக் கம்பங்களால்தான். இன்று மேல்நிலைக் கம்பியைக் குறைசொல்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரு கம்பம், பீங்கான் கோப்பைகள், அலுமினியக் கம்பி, ஏறத் தெரிந்த நாலு பேர் இருந்தால் போதும், ஒரு சேரிக்கும் ஒற்றைக் கிணற்றுக்கும் மின்சாரம் போய்விடும். புதைத்துத்தான் கொடுப்போம் என்று அன்று முடிவெடுத்திருந்தால் பணக்காரத் தெருக்களோடு வேலை நின்றிருக்கும். கிராமம் இன்னொரு தலைமுறை மண்ணெண்ணெய் விளக்கில் இருந்திருக்கும்.

ஆனால் அவசரத்துக்கு நட்ட கம்பம் தேரோடும் வீதியிலும் அப்படியே நின்றுவிட்டது. இதுதான் எனக்குப் பொறுக்காத இடம்.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் ஓர் உயரத்தைக் குறித்தன. தெருவின் குறுக்கே போகும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. 11,000 வோல்ட் லைன் என்றால் 6.1 மீட்டர். அதாவது 19 அடி, 20 அடி. லாரி போகும் தெருவுக்கு அது போதும். வைக்கோல் வண்டிக்கும் போதும். ஆனால் நம் ஊர்த் தேர், மரத்தேரின் மேல் சட்டம் கட்டி, தேர்ச்சீலை சுற்றி, கலசம் வைத்து நிற்கும்போது அந்த அளவை எங்கேயோ தாண்டிவிடுகிறது. தென்காசி காசிவிசுவநாதருக்கு மாசி மகத்தில் தேர். அம்மனுக்கு ஐப்பசித் திருக்கல்யாணத்தில் தேர். குற்றாலநாதருக்குச் சித்திரை விசு, ஐப்பசி விசு, மார்கழித் திருவாதிரை என்று ஆண்டுக்கு மூன்று முறை தேரோட்டம். வீதிகள் கோயிலோடு வந்தவை. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கோயில் எடுத்தபோது வீதியின் அகலத்தைத் தேர்தான் முடிவு செய்தது. அந்த வீதிக்குள் கம்பி வந்தது நேற்று.

தேர் ஓடும் ஊர்களில் அன்றைக்கு நடப்பது எல்லாருக்கும் தெரியும். மின்சாரத்தை நிறுத்துவார்கள். குறுக்கே போகும் கம்பிகளையும் கேபிள் டிவி வயர்களையும் லைன்மேன்கள் அவிழ்த்து ஒதுக்குவார்கள். தேர் முனை திரும்பும்வரை கண்ணை எடுக்காமல் நின்று, நிலைக்கு வந்த பிறகு திரும்பக் கட்டுவார்கள். இத்தனை ஆண்டு பெரும்பாலும் விபத்தில்லாமல் போனதற்கு அந்தத் தொழிலாளர்களின் கவனமே காரணம். பெரிய தேருக்கு இந்த ஏற்பாடு உண்டு. தெருமுனைக் கோயிலின் சிறு சப்பரத்துக்கு, நள்ளிரவில் போகும் வீதியுலாவுக்கு யார் வந்து லைனை நிறுத்துவது?

2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் பக்கம் களிமேடு கிராமத்தில் அதுதான் நடந்தது. அப்பர் சதய விழாவில் இழுத்துவந்த தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள், சிறுவர்களும் அதில் அடக்கம். சாலையை மேலே மேலே போட்டு மட்டம் உயர்ந்திருந்ததும் அப்போது பேசப்பட்டது. கம்பியின் உயரம் தரையிலிருந்து அளக்கப்படுகிறது. தரை உயர்ந்தால் கம்பி தாழ்ந்ததாகத்தானே பொருள்? அதற்குப் பிறகு தேரோடும் வீதிகளில் கம்பியைப் புதைவடமாக்கும் அறிவிப்புகள் அரசிடமிருந்து வந்தன, சில கோயில் நகரங்களில் வேலையும் தொடங்கியது. மன்ஹாட்டனில் 1889இல் நடந்த அதே வரிசை. தென்காசி, குற்றாலம், இலஞ்சி, சங்கரன்கோவில் என்று நம் மாவட்டத்துத் தேர்வீதிகள் எல்லாவற்றையும் சேர்த்து அளந்தாலும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். புதைவடம் கம்பியைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் இந்தச் சில கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கைக் காட்டக் கூடாது.

தென்காசி ரதவீதியில் இதைச் செய்வது சுலபமா? 11,000 வோல்ட் வடத்துக்குச் சுமார் 90 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுக்க வேண்டும். அடியில் மணல் பரப்பி, வடத்தை வைத்து, மேலும் மணல் போட்டு, செங்கல் அடுக்கி மூட வேண்டும். அந்த ஆழத்துக்குள் ஏற்கெனவே குடிநீர்க் குழாய் இருக்கும், தொலைபேசிக் கேபிள் இருக்கும், வாறுகால் இருக்கும். கம்பத்தின் மேல் நின்ற ட்ரான்ஸ்பார்மருக்கும் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பாக்ஸுக்கும் தரையில் இடம் வேண்டும். கடைகள் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்ட வீதியில் அந்த நாலடி இடத்தைக் கேட்டால்தான் உண்மையான சண்டை தொடங்கும். நகராட்சி, கோயில் நிர்வாகம், வியாபாரிகள், மின்வாரியம் நால்வரும் ஒரே மேசையில் உட்காராமல் இந்த வேலை நடக்காது.

குற்றாலத்துக்குக் கதை வேறு. அங்கே அரையடி தோண்டினால் பாறை. பேரருவிக் கரையிலும் ஐந்தருவிச் சாலையிலும் சரிவில் ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். சீசன் மூன்று மாதமும் காற்றில் ஈரம்; கூட்டம் முழுக்க நனைந்த உடம்போடு வெறுங்காலில் நடக்கிறது. தற்காலிகக் கடைகளுக்கு இழுத்த இணைப்புகள் தலைக்கு மேல் தொங்குகின்றன. இந்த இடத்தில் வெறுங்கம்பி அறுந்து விழுவதைவிட ஆபத்து வேறில்லை. ஒரு நுட்பம் இங்கே முக்கியம். அறுந்த கம்பி ஈர மண்ணில் விழுந்தால் மின்னோட்டம் பெருகி பீஸ் போக வாய்ப்பாவது உண்டு. காய்ந்த பாறையிலோ தார்ச்சாலையிலோ விழுந்தால் மண்ணுக்குள் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு. ட்ரான்ஸ்பார்மரில் பீஸ் போகாது. கம்பி உயிரோடு கிடக்கும். சீசன் இல்லாத நாளில் காய்ந்து கிடக்கும் பாறைகளுக்கு நடுவே இப்படி ஒரு கம்பி கிடந்தால் பார்ப்பவருக்கு அது செத்த கம்பியாகத்தான் தெரியும்.

அப்படியானால் குற்றாலம் முழுக்கப் புதைத்துவிடலாமா? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கி ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது நினைவிருக்கும். அப்படி வரும் வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. புதைத்த வடம் வெளியே வந்துவிடும், பில்லர் பாக்ஸ் மூழ்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்பத் தாமதமானதற்கு இதுதான் காரணம்: வடங்கள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தன, ஆனால் தண்ணீரில் நின்ற பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்க முடியவில்லை. பெட்டிகளை உயர்த்திக் கட்டும் வேலை சென்னையில் தனியாகவே நடந்தது.

குற்றாலத்துக்கு நடுவழி ஒன்று பொருந்தும். மின்வாரியத்தில் அதை ஏபி கேபிள் என்பார்கள். உறை போட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிக் கம்பத்திலேயே கட்டுவது. கிளை உரசினாலும் பொறி பறக்காது, காற்றுக்குக் கம்பிகள் மோதிக்கொள்ளாது, கம்பியில் தாவும் குரங்கும் பிழைக்கும். பாறையைத் தோண்ட வேண்டியதில்லை. பழுது எங்கே என்று கண்ணால் பார்த்துவிடலாம். செலவும் புதைவடத்தைவிடக் குறைவு. அருவிக்கரையிலும் மரம் அடர்ந்த சாலைகளிலும் இதைப் போட்டு, சன்னதித் தெருவும் தேரோடும் பகுதியும் மட்டும் மண்ணுக்குள் போனால் போதும் என்பது என் எண்ணம்.

மலைக்கு மேலே இன்னொரு கேள்வி இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கேரளத்துக்குரிய பங்கை, திருநெல்வேலியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் புனலூர் பக்கத்து இடமண்ணுக்குக் கொண்டுபோகிறது 4 லட்சம் வோல்ட் லைன். இடமண்ணிலிருந்து கொச்சிக்குப் போகும் அடுத்த 148 கிலோமீட்டர், ரப்பர் தோட்டக்காரர்களின் எதிர்ப்பில் ஆண்டுக்கணக்கில் நின்று 2019 செப்டம்பரில்தான் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் ஈரோடு, திருப்பூர் விவசாயிகள் தங்கள் நிலத்தில் உயரழுத்தக் கோபுரம் வேண்டாம், சாலையோரமாகப் புதைத்துக்கொண்டு போங்கள் என்று போராடினார்கள். முடியாது என்று சொல்லப்பட்ட அந்தக் காரியம் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் நேர்மின்சாரத் தடத்தில், கேரளத்துக்குள் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் சாலையோரமாக மண்ணுக்குள்ளேயே போகிறது. 2021 பிப்ரவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். திருச்சூர்த் தடம் நேர்மின்சாரம். நாம் வீட்டில் பயன்படுத்தும் மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறி ஓடுவது. புதைவடத்தில் கடத்தியும் அதைச் சுற்றிய உலோக உறையும் மிக நெருங்கி இருப்பதால், ஒவ்வொரு முறையும் இடையிலுள்ள காப்புப் பொருளை மின்னேற்றி இறக்கவே மின்னோட்டத்தில் ஒரு பங்கு போய்விடும். வோல்ட்டும் தூரமும் கூடக் கூட அந்தப் பங்கு பெருகி, ஓர் எல்லைக்குப் பிறகு வடம் தனக்கே வேலை செய்துகொண்டிருக்கும். நேர்மின்சாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. இரு முனையிலும் மின்சாரத்தை மாற்றும் நிலையங்கள் வேண்டும், அவற்றின் விலைதான் தடை. ஆகவே மலையைக் கடக்கும் பெரிய லைன் இன்னும் பல காலம் கோபுரத்தில்தான் போகும். கோபுரத்துக்கு நிலம் கொடுத்தவருக்கு, 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைக் காட்டி மிரட்டாமல், உரிய விலையைக் கொடுப்பதுதான் அரசின் கடமை. வடகரை, மேக்கரை பக்கம் யானை வரும் தோப்புகளில் தொய்ந்து தொங்கும் சிறிய லைன்களை இழுத்துக் கட்டவோ உறையிடவோ எந்தப் பெரிய தொழில்நுட்பமும் தேவையில்லை.

கடலோரத்தில் 'தானே' போன்ற புயல்களுக்குப் பிறகு பணம் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஊர்களில் உலக வங்கிக் கடனுதவியோடு கம்பிகள் மண்ணுக்குள் போயின. தென்காசி கடலோரம் அல்ல. இங்கே வரும் காற்றுக்குப் பெயரும் வைப்பதில்லை. ஆண்டுதோறும் மூன்று மாதம் அடிப்பதால் அது பேரிடர்க் கணக்கில் சேருவதில்லை. அந்தக் காற்றில் கம்பம் ஏறுபவர்களின் பெயரும் எங்கும் பதிவாவதில்லை.

தேர்வீதிகளில் வடம் புதைக்கும் நாள் வரும்போது, தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டிய ஒன்று உண்டு. கம்பத்தில் போகும் லைன் எங்கே திரும்புகிறது என்பது தெருவில் விளையாடும் பிள்ளைக்கும் தெரியும். மண்ணுக்குள் போன வடம் எங்கே வளைகிறது, எங்கே இணைப்பு இருக்கிறது என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும். புதைவடப் பழுதில் பெரும்பகுதி இணைப்புகளில் தண்ணீர் புகுவதாலும், வேறு வேலைக்குத் தோண்டும் ஜேசிபி வடத்தை வெட்டுவதாலும் வருகிறது. அந்த வரைபடம் மின்வாரியத்தின் செக்‌ஷன் ஆபீசில் ஒரு பிரதியோடு நின்றுவிடக் கூடாது. தென்காசி நகராட்சியிலும் குற்றாலம் பேரூராட்சியிலும் கோயில் அலுவலகத்திலும் இருக்க வேண்டும், ஒவ்வொரு இணைப்புக்கும் மேலே தெருவில் அடையாளக் கல் நட வேண்டும், குடிநீருக்கோ இணையத்துக்கோ தோண்ட வருபவர் அந்தப் படத்தில் கையெழுத்துப் போடாமல் கடப்பாரையை எடுக்க விடக் கூடாது.

அடுத்த அத்தியாயத்தில் பாவூர்சத்திரத்துக் கிணறுகளுக்கு மோட்டார் வந்த கதை.

(தொடரும்)